புது நாட்டில் இனவெறி: போகுமுன்னும் போன பிறகும் செய்ய வேண்டியவை

வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு விசா, தங்குமிடம், குளிர் உடை பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். இனவெறி பற்றிக் கேட்டால் மட்டும் இரண்டே பதில்தான் வரும். "இங்கே அதெல்லாம் ஒன்றும் இல்லை, நாம் ஒழுங்காக இருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்பது ஒன்று. "எல்லா ஊரிலும் இருக்கிறதுதான், கண்டுகொள்ளாமல் விடு" என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு புகார் மனுகூட எழுத முடியாது.

சிக்கல் என்னவென்றால், ஒரே அநியாயத்துக்கு நாட்டுக்கு நாடு பெயர் மாறுகிறது. ஒரே வேலைக்கு வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், திருநெல்வேலிக்காரருக்கு ஒரு சம்பளம் என்று கொடுத்தால் லண்டனில் அது வழக்கு. வளைகுடாவில் அதையே 'அவரவர் பாஸ்போர்ட்டுக்கு ஏற்ற பேக்கேஜ்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஒவ்வொரு நாடும் தன் வரலாற்றில் எந்தக் கொடுமையைச் செய்து மாட்டிக்கொண்டதோ, அதை வைத்துத்தான் இனவெறியை அடையாளம் காண்கிறது. மற்றதெல்லாம் அதன் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும். எனவே உங்களுக்கு நடந்ததை அந்த ஊர்ச் சட்டத்துக்குப் புரிகிற வார்த்தையில், அந்த ஊர் சொல்லும் கெடுவுக்குள், சரியான இடத்தில் சொல்லத் தெரிய வேண்டும். கீழே உள்ளவை அதற்கான படிகள். பெரிய வழக்கு என்றால் வக்கீலைப் பார்க்கத்தான் வேண்டும்.

படி 1: கிளம்புமுன், அந்த நாடு எதை இனவெறி என்கிறது என்று பாருங்கள்

உலகத்துக்குப் பொதுவாக ஒரு வரையறை உண்டு. 1965-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை, இனம், நிறம், வம்சாவளி, தேசிய மூலம், இன மூலம் ஆகியவற்றைப் பார்த்து ஒருவரின் உரிமையை மறுப்பதையும் குறைப்பதையும் இனப்பாகுபாடு என்கிறது. அதில் 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது இந்தியா. பிறகு 2002-இல் ஐ.நா. குழு, அந்தச் சொல்லுக்குள் சாதியும் வரும் என்று சொன்னபோது ஒப்புக்கொள்ளாததும் இந்தியாதான். அது தனிக்கதை. உங்களுக்குத் தேவையானது வேறொன்று: குடிமக்களுக்கும் குடிமக்கள் அல்லாதவர்களுக்கும் அரசு காட்டும் வேறுபாட்டை இந்த உடன்படிக்கை தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது. விசாக் கட்டணம் அதிகம், ஓட்டு இல்லை, அரசு உதவித்தொகை இல்லை என்பதையெல்லாம் இனவெறி என்று கொண்டுபோனால் பெரும்பாலும் கதவு திறக்காது.

பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் 'இனம்' என்பதை அகலமாக வைத்திருக்கிறது. நிறம், தேசியம், இன மூலம், தேசிய மூலம் எல்லாம் அதற்குள் வரும். 'இந்தியர்களை எடுப்பதில்லை' என்பதும் சட்டவிரோதம், 'கறுப்பர்களை எடுப்பதில்லை' என்பதும் சட்டவிரோதம். பர்மிங்காமில் ஒரு பள்ளி, தலைப்பாகையை எடுத்து முடியை வெட்டினால்தான் சேர்ப்போம் என்று ஒரு சீக்கியச் சிறுவனைத் திருப்பி அனுப்பியது. அந்த வழக்கில், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1983-இல் சீக்கியர்களை ஓர் இனக்குழுவாகவும் ஏற்றுக்கொண்டது. இன்னொரு திருப்பம், 1993 ஏப்ரலில் லண்டனில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரின் கொலை. போலீஸ் விசாரணையைச் சொதப்பியதை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை 1999-இல் வந்தது. அந்தக் காவல்துறைக்குள்ளேயே அமைப்பு ரீதியான இனவெறி இருக்கிறது என்று சொன்னதோடு, பாதிக்கப்பட்டவரோ வேறு யாரோ இனவெறி என்று கருதினாலே போலீஸ் அதை இனவெறிச் சம்பவமாகப் பதிய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. இதனால்தான் பிரிட்டனில் போலீஸிடம் போய் "இது இனவெறி என்று நினைக்கிறேன்" என்று நீங்கள் வாயால் சொல்வது முக்கியம். சொன்னால் அப்படிப் பதிவாகும். நிரூபணம் அப்புறம்.

அமெரிக்காவில் எல்லாமே அடிமை முறையில் தொடங்குகிறது. கறுப்பு, வெள்ளை என்ற கோடுதான் முதுகெலும்பு. நம்மவர்கள் அந்தக் கோட்டின் எந்தப் பக்கம் என்று அந்த நாட்டுக்கே நெடுநாள் தெரியவில்லை. பஞ்சாபில் பிறந்து அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த பகத் சிங் திந்த், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்போது குடியுரிமை 'சுதந்திர வெள்ளையர்'களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான். தாம் உயர்சாதி இந்து, ஆரியர், ஆகவே வெள்ளையர் என்பது அவர் தரப்பு வாதம். சாதாரண மனிதரின் புரிதலில் இவர் வெள்ளையர் அல்ல என்று 1923-இல் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்கள் பலர் அதை இழந்தார்கள். சாதிப் பெருமையைக் கொண்டுபோய் வெள்ளைத்தோல் கேட்டால் இதுதான் நடக்கும். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதே இந்தியர்களை வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள். 1980-இல்தான் 'ஆசிய இந்தியர்' என்று தனிக் கட்டம் வந்தது.

இன்று நடைமுறையில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது 1964-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம், குறிப்பாக வேலை பற்றிய அதன் ஏழாம் பகுதி. வேலையில் தொல்லை என்று வழக்குப் போட, அது கடுமையானதாகவோ தொடர்ந்து நடப்பதாகவோ இருக்க வேண்டும். ஒரே ஒரு மட்டமான பேச்சு பெரும்பாலும் போதாது. தெருவில் ஒருவர் உங்களைக் கேவலமாகத் திட்டினால், மிரட்டலோ அடியோ இல்லாத வரை, அது பேச்சுரிமைக்குள் வந்துவிடும். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ அதே வசவு குற்றவழக்காகலாம்.

பிரான்ஸ் இதில் தலைகீழ். அரசியலமைப்பின் முதல் பிரிவே மூலம், இனம், மதம் என்ற வேறுபாடின்றிக் குடிமக்கள் எல்லோரும் சமம் என்கிறது. அதை அவர்கள் புரிந்துகொள்வது எப்படி என்றால், அரசு உங்கள் இனத்தைக் கேட்கவே கூடாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக் கட்டம் கிடையாது. 1978-ஆம் ஆண்டுத் தகவல் சட்டம் இன விவரம் திரட்டுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. அரசியலமைப்பு மன்றம் 2007-இல் அதை மேலும் இறுக்கியது. அதனால் "இந்த நிறுவனத்தில் தெற்காசியர் எத்தனை சதவீதம்" என்று புள்ளிவிவரம் காட்டி வாதாடும் பிரிட்டன் பாணி அங்கே எடுபடாது. பெயர், முகவரி, பிறந்த ஊர் வழியாகத்தான் சுற்றி வர வேண்டும். ஆனால் பேச்சுக்குத் தண்டனை உண்டு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இனவெறிப் பேச்சும் தூண்டுதலும் குற்றம்.

ஜெர்மனியில் 'இனம்' என்ற சொல்லைக் கேட்டாலே நாஜிக் காலம் நினைவுக்கு வரும். அடிப்படைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. எடுக்கலாமா என்று 2020-இல் பெரிய விவாதம் நடந்து, கடைசியில் எடுக்கவில்லை. அரசுப் புள்ளிவிவரத்தில் இனம் இல்லை, 'குடியேற்றப் பின்புலம்' என்ற கணக்குத்தான்: நீங்களோ உங்கள் பெற்றோரில் ஒருவரோ ஜெர்மன் குடியுரிமையின்றிப் பிறந்திருந்தால் அதில் வருவீர்கள். நடந்ததை 'இனவெறி' என்று சொல்வதைவிட 'வெளிநாட்டவர் வெறுப்பு' என்று சொல்லும் பழக்கம் அங்கே நெடுங்காலம் இருந்தது. அதன் விலை பெரிது. 2000-க்கும் 2007-க்கும் இடையில் நவநாஜிக் கும்பல் ஒன்று பத்துப் பேரைச் சுட்டுக் கொன்றது. ஒன்பது பேர் துருக்கி, கிரேக்கப் பின்புலம் கொண்டவர்கள், ஒருவர் பெண் போலீஸ். வருஷக்கணக்காகப் போலீஸ் அந்தக் குடும்பங்களையே சந்தேகப்பட்டு, போதைப்பொருளா, சூதாட்டக் கடனா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. 2011-இல் கும்பல் வெளிப்பட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது.

வளைகுடா நாடுகளில் நிறத்தைவிடப் பாஸ்போர்ட் பெரிது. கத்தாருக்குப் போய்ப் பார்த்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2019-இல், அங்கே தேசிய மூலத்தை வைத்து நடைமுறையில் ஒரு சாதி அமைப்பே இருக்கிறது என்று சொன்னார். 2021 மார்ச் முதல் கத்தாரில் எந்த நாட்டவருக்கும் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,000 ரியால் என்று விதி வந்தது. அதற்கு மேலே உள்ள சம்பளங்களில் நாட்டுக்கு நாடு இடைவெளி அப்படியே இருக்கிறது. அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் இனம், நிறம், தேசிய மூலம் பார்த்துப் பாகுபாடு கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் சம்பளம் வராதது, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது, ஒப்பந்தத்தை மாற்றுவது என்ற வடிவில் புகார் கொடுத்தால் அதிகாரிகள் கேட்பார்கள். "இந்தியன் என்பதால் குறைவாகத் தருகிறார்கள்" என்று போனால் நகர்வது கஷ்டம். அங்கே சம்பளப் பிரச்சினையாகவே கொண்டுபோங்கள். கொள்கையைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் இனம் அடையாள அட்டையோடு ஒட்டியது: சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர். அரசு அடுக்குமாடி வீடுகளில் 1989 முதல் இன ஒதுக்கீடு உண்டு. 1964 கலவரங்களின் பயம் இன்னும் ஆட்சியில் இருப்பதால், இனங்களுக்கிடையே பகையைத் தூண்டுவது குற்றம். இதில் புதிதாகப் போகிறவர் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று. 2019-இல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் முகத்துக்குப் பழுப்பு மை பூசி இந்தியராக நடித்தார். அதைக் கண்டித்து, கெட்டவார்த்தையோடு ராப் பாட்டு வெளியிட்ட இந்திய வம்சாவளி உடன்பிறப்புகள் இருவருக்குப் போலீஸ் நிபந்தனையோடு எச்சரிக்கை கொடுத்தது. விளம்பரம் செய்தவர்கள் மன்னிப்புக் கேட்டதோடு முடிந்தது. ஆக, அங்கே இனவெறியைப் பற்றி எப்படிப் புகார் சொல்கிறீர்கள் என்பதே உங்களை மாட்டிவிடலாம். ஃபேஸ்புக்கில் கொட்டாதீர்கள், எழுத்தில், உரிய இடத்தில் கொடுங்கள். நியாயமான வேலையிடச் சட்டம் ஒன்று 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது; இனத்தோடு தேசியமும் அதில் பாதுகாக்கப்படுகிறது, சிறு நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் விலக்கு உண்டு.

மலேசியாவில் வேறுபாடு அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது. 153-ஆம் பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் தனி இடம் தருகிறது. 160-ஆம் பிரிவு மலாய்க்காரர் யார் என்று வரையறுப்பதில் இஸ்லாமைப் பின்பற்றுவதும் மலாய் பேசுவதும் சேர்த்தி. பாகுபாடு கூடாது என்னும் எட்டாம் பிரிவு குடிமக்களுக்கு மட்டும். வேலை அனுமதியில் போகிறவருக்கு அது கைகொடுக்காது. ஐ.நா. உடன்படிக்கையில் சேரப்போவதாகச் சொன்ன அரசு, எதிர்ப்புக் கிளம்பியதும் 2018 நவம்பரில் பின்வாங்கியது.

ஜப்பானில் பாகுபாட்டுக்கு எதிரான பொதுச் சட்டமே இல்லை. 2016-இல் வந்த வெறுப்புப் பேச்சுச் சட்டத்தில் தண்டனை கிடையாது. வீடு தேடும்போது 'வெளிநாட்டவருக்குக் கிடையாது' என்று ஏஜென்ட் முகத்துக்கு நேராகச் சொல்வார், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்வார். ஹொக்கைடோவின் ஒதாருவில் வெளிநாட்டவரை விடாத ஒரு குளியல் விடுதிமேல் போட்ட வழக்கில், 2002-இல் நீதிமன்றம் ஆளுக்கு 10 லட்சம் யென் நஷ்டஈடு கொடுத்தது. போராடினால் கிடைக்கும், ஆனால் சிவில் வழக்காகத்தான்.

படி 2: படிவத்தில் எந்தக் கட்டம் என்று முன்பே முடிவு செய்யுங்கள்

டாக்டரிடம் பதியும்போது, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இனம் கேட்கும் கட்டம் வரும். பிரிட்டன் படிவத்தில் 'ஆசியர்' என்றால் முதலில் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர். இலங்கைத் தமிழருக்கு என்று தனிக் கட்டம் இருக்காது, 'வேறு ஆசியப் பின்புலம்' என்பதைத் தேர்ந்து பக்கத்தில் எழுத வேண்டும். அமெரிக்காவில் யாரிடமாவது 'ஆசியர்' என்றால் சீன, கொரிய முகம்தான் அவர் மனதில் வரும், ஆனால் படிவத்தில் நாமும் அதற்குள்தான். தென்னாப்பிரிக்காவில் 1860 முதல் போன கரும்புத்தோட்டக் கூலிகளின் வழிவந்த தமிழர்கள் இன்னும் 'இந்தியர்/ஆசியர்' கட்டத்தில் இருக்கிறார்கள். வேலைச் சமத்துவச் சட்டத்தின்படி, அந்தக் குடிமக்கள் 'கறுப்பின மக்கள்' என்ற பொதுச்சொல்லுக்குள்ளும் வருவார்கள். கனடாவில் 'புலப்படும் சிறுபான்மையினர்' என்று ஒரு சட்டச்சொல் உண்டு, வெள்ளையர் அல்லாதவர், பூர்வகுடியினர் அல்லாதவர் என்று பொருள்.

வேலை விண்ணப்பத்தில் இந்தக் கேள்விகள் பெரும்பாலும் தனித்தாளில், விருப்பத்தின் பேரில் கேட்கப்படும். சொல்ல விரும்பவில்லை என்று போடலாம். நான் நிரப்பச் சொல்வேன். நாளைக்குப் புகார் என்று வந்தால், அந்த நிறுவனம் யாரை எடுத்தது, யாரை விட்டது என்ற கணக்கு அதிலிருந்துதான் வரும்.

படி 3: பேர் மாற்றலாமா என்ற கேள்வி

பாஸ்டன், சிகாகோ நகரங்களில் ஒரே மாதிரியான விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்த ஆய்வு 2004-இல் வெளியானது. வெள்ளையர் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்கு, கறுப்பினப் பெயர் கொண்டவற்றைவிட 50 சதவீதம் கூடுதல் அழைப்பு வந்தது. ஆகவே 'பாலசுப்பிரமணியன்' என்பதை 'பாலா' என்று சுருக்குவது உங்கள் இஷ்டம், தப்பில்லை. ஆனால் சான்றிதழ், விசா, வங்கி எல்லாவற்றிலும் ஒரே பெயர் இருக்கட்டும். அப்பா பெயரை இனிஷியலாக வைக்கும் நம் வழக்கத்தால் ஏற்கெனவே படும் பாடு போதும்.

'உள்ளூர் அனுபவம் வேண்டும்' என்ற சாக்கு கனடாவில் பிரபலம். ஒன்டாரியோவின் மனித உரிமை ஆணையம் 2013-லேயே, கண்டிப்பாகக் கனடிய அனுபவம் கேட்பது முதல் பார்வையிலேயே பாகுபாடு என்று சொல்லிவிட்டது. 2026 ஜனவரி முதல் அங்கே பொது வேலை விளம்பரங்களில் அப்படிப் போடக்கூடாது என்று 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்குச் சட்டம் உண்டு. நேர்காணலில் கேட்டால், எந்தக் குறிப்பிட்ட திறமைக்காகக் கேட்கிறீர்கள் என்று மரியாதையாகத் திருப்பிக் கேளுங்கள், பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: நடந்தது எந்த வகை என்று பிரியுங்கள்

கோபம் அடங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. மூன்று வகை என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது மரியாதைக்குறைவு: உங்கள் பெயரை வேண்டுமென்றே கொலை செய்வது, உங்கள் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து மூக்கைப் பிடிப்பது, "நிஜமாகவே எந்த ஊர்" என்று நான்காவது தடவை கேட்பது. தனித்தனியாக இவற்றுக்குச் சட்டம் பெரிதாக வராது. தொடர்ந்தால், ஒரே ஆள் செய்தால், தேதியோடு சேர்த்தால் தொல்லை என்ற வகைக்குப் போகும். இரண்டாவது பாகுபாடு: வேலை, சம்பளம், வீடு, கடை, பள்ளி, வங்கி ஆகியவற்றில் மற்றவருக்குக் கிடைப்பது உங்களுக்குக் கிடைக்காதது. மூன்றாவது குற்றம்: அடி, மிரட்டல், துப்புவது, வீட்டுக் கதவில் எழுதுவது. இது நேராகப் போலீஸ். பிரிட்டனில் அவசரத்துக்கு 999, மற்றதற்கு 101.

உங்களை வேறு யாராகவோ நினைத்துச் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் கேன்சஸில் ஒரு மதுக்கூடத்தில் இந்திய இன்ஜினியர் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன், அவரை ஈரானியர் என்று நினைத்திருந்தான். கூட்டாட்சி நீதிமன்றம் அதை வெறுப்புக் குற்றமாகவே தண்டித்தது. "நான் முஸ்லிம் இல்லையே, நான் பாகிஸ்தானி இல்லையே" என்று போலீஸிடம் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அப்படி இருந்தால் மட்டும் அடிக்கலாமா என்ன?

படி 5: அன்றைக்கே எழுதுங்கள், ஒப்பிட ஒருவரைத் தேடுங்கள்

எல்லா நாட்டிலும் வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் இங்கேதான். "என்னை இனவெறியோடு நடத்தினார்கள்" என்று எழுதினால் ஒன்றும் நகராது. இப்படி எழுதுங்கள்:

"செவ்வாய், 4 மார்ச் 2025, மதியம் 2.40. கிடங்கின் உள் அலுவலகம். பார்கோடு தப்பாக ஒட்டியதற்காக மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். 'உங்க ஆளுங்களுக்குச் சொன்னாலும் புரியாது' என்றார். பக்கத்தில் இரண்டு பேர் இருந்தார்கள், பெயர் இவை. நான் பதில் சொல்லவில்லை. 2.55-க்கு என்னை இரவு ஷிஃப்டுக்கு மாற்றினார். போன வாரம் இதே தப்பைச் செய்த போலந்துக்காரரை மாற்றவில்லை."

அவர் சொன்ன வார்த்தைகளை அவர் சொன்ன மொழியிலேயே எழுத வேண்டும், நாகரிகம் கருதிப் புள்ளி வைக்காதீர்கள். கடைசி வரிதான் உயிர். உங்களைப் போன்ற நிலையில் இருந்த வேறு இனத்தவர் ஒருவர் வேறு மாதிரி நடத்தப்பட்டார் என்று காட்டினால், பிரிட்டன் சட்டத்தில் விளக்கம் சொல்லும் சுமை நிறுவனத்தின் தலைக்கு மாறக்கூடும். எழுதியதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அன்றே அனுப்பிவிடுங்கள், தேதி பதிவாகிவிடும். ஆபீஸ் கணினியில் மட்டும் வைத்தால், வேலை போன அன்றைக்கு அதுவும் போய்விடும்.

இனி போனில் ரெகார்ட் செய்வது. நம் ஊரில் எல்லோரும் செய்கிறோம் என்று அங்கே கை வைக்காதீர்கள். ஜெர்மனியில் தனிப்பட்ட பேச்சை ரகசியமாகப் பதிவது தண்டனைச் சட்டப்படி குற்றம், மூன்று வருஷம் வரை சிறை. கலிஃபோர்னியாவில் அந்தரங்கமான உரையாடலைப் பதியப் பேசுகிற எல்லோர் சம்மதமும் வேண்டும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் உங்கள் சம்மதம் மட்டும் போதும். அமீரகத்தில் அடுத்தவர் பேச்சைப் பதிவதும் படத்தைப் போடுவதும் உங்களையே குற்றவாளி ஆக்கிவிடும். வாட்ஸப்பில் உங்களுக்கு வந்த செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துவது பொதுவாகப் பாதுகாப்பான வழி, ஆனால் அதை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள்.

படி 6: கெடு எவ்வளவு, கதவு எது

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் நாள் கணக்கில்தான். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம், சரியாகிவிடும்" என்று இருப்பதற்குள் கெடு முடிந்திருக்கும்.

ஜெர்மனிதான் மிகக் குறுகியது. 2006-ஆம் ஆண்டின் சம நடத்தைச் சட்டப்படி, இரண்டே மாதத்துக்குள் எழுத்தில் உங்கள் கோரிக்கையை எதிர்த் தரப்புக்குக் கொடுத்துவிட வேண்டும். வசவுக்குக் குற்றப்புகார் என்றால் மூன்று மாதம். கூட்டாட்சிப் பாகுபாடு எதிர்ப்பு அலுவலகம் இலவசமாக ஆலோசனை சொல்லும்.

பிரிட்டனில் வேலை வழக்குக்கு மூன்று மாதத்தில் ஒரு நாள் குறைவு. தீர்ப்பாயத்துக்கு நேராகப் போக முடியாது. முதலில் ஏகாஸ் என்ற சமரச அமைப்பிடம் பதிய வேண்டும், பதிந்ததும் கெடு கொஞ்ச காலம் நின்று ஓடும். இதை ஆறு மாதமாக்க 2025-இல் சட்டம் வந்திருக்கிறது; அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று ஏகாஸ் தளத்தில் உங்கள் கண்ணால் பார்க்கும் வரை மூன்று மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்துக்குள் கொடுத்த புகாரின் விசாரணை முடியவில்லை என்பதற்காகக் கெடு காத்திருக்காது. எச்.ஆர். 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டே மூன்று மாதத்தை ஓட்டிவிடுவது நிறைய நடக்கிறது.

அமெரிக்காவில் சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் 180 நாளுக்குள். மாநிலத்திலும் அதுபோன்ற அமைப்பு இருந்தால் 300 நாள். வீட்டு விஷயத்துக்கு ஒரு வருஷம். ஒன்டாரியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்துக்கும் ஒரு வருஷம்.

பிரான்ஸில் கெடு தாராளம். வேலைப் பாகுபாட்டுக்கு ஐந்து வருஷம். ஆனால் போலீஸ் நிலையத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் போய்ச் சொன்னால், மொழி தெரியாதவர் என்று பார்த்து 'மேன் கூராந்த்' எழுதி அனுப்பிவிடுவார்கள். அது வெறும் நாட்குறிப்புப் பதிவு, வழக்காகாது. 'ப்ளேன்த்' வேண்டும் என்று கேளுங்கள், அதுதான் அரசு வழக்கறிஞரிடம் போகும் புகார். அதை வாங்க மறுக்கப் போலீஸுக்கு உரிமை இல்லை. எழுதியதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்; மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம். போலீஸே பிரச்சினை என்றால் உரிமைப் பாதுகாவலர் அமைப்பு இருக்கிறது, பாகுபாட்டுக்கென்று 3928 என்ற எண், ஆலோசனைக்குக் காசு கிடையாது. பாரிஸின் லா ஷப்பல் பக்கம் தமிழ்க் கடைகளில் விசாரித்தால் உடன் வந்து மொழிபெயர்க்க ஆள் கிடைப்பார். ஆனால் புகாரை எழுதித்தர அவர் கேட்கும் காசைக் கொடுக்குமுன், நகரசபையின் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்கள்.

படி 7: ராஜினாமா கடிதம் எழுதுமுன் விசாவைப் பாருங்கள்

புகார் கொடுத்தால் விசா போய்விடும் என்ற பயம்தான் நிறைய வாய்களை அடைக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்குவதே தனிக் குற்றச்சாட்டு; முதல் புகார் தோற்றாலும் பழிவாங்கல் வழக்கு ஜெயிக்கலாம். ஆனால் கோபத்தில் நீங்களாக வேலையை விட்டால் கதை வேறு. ஸ்பான்சர் விசாவில் பிரிட்டனில் பொதுவாக 60 நாள், அமெரிக்காவின் எச்1பி வேலை விசாவிலும் அதிகபட்சம் 60 நாள், அதற்குள் புது ஸ்பான்சர் கிடைக்க வேண்டும். முதலில் புகார், அடுத்த வேலைக்கு விண்ணப்பம், கையில் கடிதம் வந்த பிறகு ராஜினாமா. இந்த வரிசையை மாற்ற வேண்டாம். தொழிற்சங்கம் இருந்தால் முதல் மாதமே சேருங்கள். பிரச்சினை தொடங்கிய பிறகு சேர்ந்தால் பழைய பிரச்சினைக்கு வக்கீல் தர மாட்டோம் என்று பல சங்கங்கள் சொல்லிவிடும்.

படி 8: நாம் செய்கிற பக்கம்

இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பாதிதான். தோலின் நிறத்தை வைத்துக் கிண்டல் செய்வது நம் வீட்டிலும் சினிமாவிலும் அன்றாடம். டெல்லியில் வடகிழக்கு மாணவர்களும் ஆப்பிரிக்க மாணவர்களும் பட்ட அடி நமக்குத் தெரியும். அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த நிடோ தானியா 2014 ஜனவரியில் லாஜ்பத் நகரில் தலைமுடியைக் கேலி செய்ததில் தொடங்கிய தகராறில் அடிபட்டு இறந்தார். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏற்றிக்கொண்டு போனால் அங்கே சட்டம் நம் பக்கம் இருக்காது. கறுப்பினத்தவர் வந்தால் வீடு இல்லை என்று சொல்லும் தமிழ் ஹவுஸ் ஓனரும், சீனர் என்றால் மூக்கைச் சுளிக்கும் தமிழ் மேனேஜரும் அதே சமத்துவச் சட்டத்தில்தான் மாட்டுவார்கள்.

சாதியும் இப்போது பட்டியலுக்கு வந்துகொண்டிருக்கிறது. பீகாரிலிருந்து அழைத்துவரப்பட்டு இங்கிலாந்தில் ஒரு இந்தியக் குடும்பத்திடம் வீட்டு வேலை செய்த ஆதிவாசிப் பெண்ணின் வழக்கில், சாதியும் இன மூலத்துக்குள் வரலாம் என்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014-இல் சொன்னது. அவருக்கு நிலுவைச் சம்பளமாக மட்டும் 1,80,000 பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அமெரிக்காவில் சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. கலிஃபோர்னியாவில் அதே ஆண்டு இதற்கான மசோதா அவைகளில் நிறைவேறியும் ஆளுநர் கையெழுத்துப் போடவில்லை, இருக்கிற சட்டமே போதும் என்றார். புதிதாக வந்த டீம் ஆளிடம் "சொந்த ஊர் எது, எந்தத் தெரு, அப்பா என்ன பண்ணுகிறார்" என்று சுற்றி வளைத்துக் கேட்பது எதற்கென்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும்.

அப்புறம் ஆபீஸ் தமிழர்களின் வாட்ஸப் குழு. தமிழில்தானே இருக்கிறது, யாருக்குப் புரியப்போகிறது என்று போடும் மீம்கள் மொழிபெயர்ப்போடு ஆதாரமாக மேஜைக்கு வரும்; அனுப்பியவர், சிரித்தவர், குழுவின் அட்மின் எல்லோரும் விசாரணையில் உட்கார வேண்டியிருக்கும். பிரிட்டனில் வழக்குப் போடுகிறவர் நிறுவனத்தை மட்டுமல்லாமல், செய்த ஊழியரையும் பெயர் சொல்லி எதிர்த்தரப்பில் சேர்க்கலாம். நஷ்டஈட்டை அவர் தன் கையிலிருந்தும் கட்ட வேண்டி வரும்.